காந்துகிறது என்றால் காந்தம் இல்லை

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் ஏகாம்பரம் ஐயா அவர்களே, பெற்ற மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெஞ்சமின் ஐயா அவர்களே, முனைவர் ஏஞ்சல் அவர்களோடு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தமிழ்வாணன் தம்பி அவர்களே, பந்தலுக்குள் இடம் கிடைத்தவர்களே, இடம் இல்லாமல் வெயிலில் நிற்பவர்களே, எங்கள் மகளிர் குழுச் சகோதரிகளே! உங்கள் எல்லோருக்கும் ஆண்டாளம்மாள் கைகூப்பி வணக்கம் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் எல்லோரும், "துக்கத்தில் பேச வார்த்தை வரவில்லை" என்றார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எனக்கு வார்த்தை வரும். வேண்டாத இடத்தில் வரும், வேண்டிய இடத்தில் வராது. அதுதான் என் கஷ்டம்! அதனால்தான் இந்தப் பேச்சைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தாளில் இருப்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று பெருமாளை வேண்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

இன்று காலை இந்தப் பந்தலுக்குப் பின்னால் பெஞ்சமின் ஐயாவைத் தனியாகப் பார்த்தேன். நான் சொல்லவேண்டியதை அவரிடம் சொல்லி அழுதேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். "பரவாயில்லம்மா" என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "இத எங்கையில சொல்லி இன்னாம்மா பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே எம்பொண்ணு எதனால செத்தான்னு. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க. மைக்ல சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் ஐயா. மைக்கில் சொல்கிறேன். ஆனால் முதலில் உங்கள் மகளைப் பற்றிச் சொல்கிறேன். இது அவருக்கான கூட்டம்.

முனைவர் ஏஞ்சல் யார்? எங்கள் கழனியில் நாற்று நட்ட குடும்பத்துப் பெண். பெஞ்சமின் ஐயா அண்டை வெட்டிச் செதுக்கிய வரப்பில் உட்கார்ந்து பாடம் படித்தவர். வேதியியல் படித்து, அதற்கு மேலும் படித்து, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கி, வெளிநாடு போய்விட்டு, அங்கேயே இருக்கச் சொன்ன இடத்தை விட்டுத் திரும்பி வந்தவர். சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை. அந்த வேலையை வைத்துக்கொண்டு, வாரத்தில் பாதி நாள் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறி இந்த ஊருக்கு வந்தவர். அவரை "டாக்டர்" என்று கூப்பிட எங்கள் தெருவுக்கு எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? "பெஞ்சமின் பொண்ணு" என்போம். "அந்தப் பொண்ணு" என்போம். நானும்தான் சொன்னேன். அவர் என்னை முதல் நாளிலிருந்தே "அக்கா" என்று கூப்பிட்டார். நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே பல மாதம் ஆயிற்று. "டாக்டர் ஏஞ்சல்" என்று முழுதாகச் சொல்வது இன்றுதான். போர்டில் எழுதி, படத்துக்கு மாலை போட்ட பிறகுதான்!

நாளைக்குக் காலையில் என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் டாக்டர் போட்ட கொட்டகை இருக்கிறதே, அதில் உள்ள நீலப் பீப்பாய்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகக் கல்லூரியிலிருந்து வண்டி வருகிறது. ஏன்? இரண்டு மாதமாக அந்தக் கொட்டகைக்குள் நம் ஊர்ப் பெண் ஒருத்தியும் கால் வைக்கவில்லை. வேலை செய்ய ஆள் இல்லாத இடத்தில் சோதனையை எப்படி நடத்துவது என்று கல்லூரி கேட்கிறது. அவர்கள் கேட்பது நியாயம். பீப்பாய் போனால் பட்டறைச் சாயத்தண்ணீர் பழையபடி ஓடையில் இறங்கும், ஓடையிலிருந்து நம் ஏரிக்கு வரும். நாற்றங்கால் சிவப்பாய் நின்ற வருஷத்தை மறந்துவிட்டீர்களா? சிவப்பா அது! காலை விட்டால் முட்டிவரை அரிக்கும். டாக்டரின் ஆயுசு வேலை அந்த வண்டியில் ஏறிப் போகப்போகிறது. அதை நிறுத்த முடியுமா, முடியாதா? அதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

அந்தக் கொட்டகையில் என்ன நடந்தது? காந்தக் கூழ்மணி என்று தமிழ்வாணன் தம்பி சொல்வார். ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. எங்கள் குழுப் பெண்களுக்கு அது கருகமணி. தாலிச் சரட்டில் கோப்பதைப் போலவே கறுப்பாய், உருண்டையாய் இருக்கும், ஆனால் தொட்டால் ஊறின ஜவ்வரிசி மாதிரி வழுக்கும். நான் பத்தாவது தாண்டாதவள். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்துத்தான் எனக்குக் கொஞ்சநஞ்சம் தெரியும். டாக்டர் எனக்குச் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன்.

சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது? தன்னைப்போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக்கொண்டு கொழகொழவென்று உப்புகிறது அல்லவா? பிழிந்தாலும் தண்ணீர் சட்டென்று வெளியே வராது. அந்த மாதிரி தண்ணீரைப் பிடித்துவைக்கும் கூழ் ஒன்று. கடற்பாசியிலிருந்து எடுத்த பசையில் செய்தது. அந்தக் கூழுக்குள் இரும்பின் கறுப்புத் தூளைக் கலக்கிறார்கள். எவ்வளவு சன்னமான தூள்? மைதாவைவிடச் சன்னமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "அக்கா, மைதா பக்கத்துல இது கடுகு பக்கத்துல மலை மாதிரி, ஆனா தலைகீழா" என்றார். கண்ணுக்கு ஒரு துகளாகத் தெரியவே தெரியாது. இந்த இரும்பு உள்ளே இருப்பதால் மணியைக் காந்தம் இழுக்கும். கூழ் சாயத்தைப் பிடிக்கும், காந்தம் கூழைப் பிடிக்கும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் சொல்கிறேன். அதற்குப் பின்னால் அவருடைய பதினைந்து வருஷம் இருக்கிறது!

மணி போடுகிற நாளைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பசையும் தூளும் கலந்த கரைசலைச் சுண்ணாம்புச் சத்துள்ள உப்புத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். விழுந்த சொட்டு அப்படியே மணியாகக் கட்டிக்கொள்ளும். கல்லூரியில் ஊசி வைத்துச் சொட்டினார்களாம். பீப்பாய் பீப்பாயாக வேண்டுமென்றால் ஊசியில் சொட்டி ஆகுமா? எங்கள் குழுத் தமிழ்ச்செல்வி தன் வீட்டிலிருந்து பூந்திக் கரண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்த வெளிநாட்டுல காட்டியிருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சம்டி" என்றார். அன்றைக்குத் தட்டின மணியெல்லாம் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பாதி வால் முளைத்துக் கிடந்தது. "தலப்பெரட்டையா பெத்துட்டோம், பரவால்ல, நம்ம புள்ளதான" என்று சொல்லி, கரண்டியை எவ்வளவு உயரத்தில் பிடிக்கவேண்டும் என்று அவரே மாற்றி மாற்றிப் பிடித்துக் காட்டினார். எங்களை ஒருநாளும் மட்டமாகப் பேசியதில்லை. ஒருநாளும் தூக்கிவைத்தும் பேசியதில்லை. தப்பென்றால் தப்பு, சரியென்றால் சரி.

பீப்பாயில் சாயத்தண்ணீரை ஊற்றி, மணியைப் போட்டு, துடுப்பால் கிண்டுவோம். நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தண்ணீரின் ரத்தச் சிவப்பு வெளிறி, பீட்ரூட் கழுவின தண்ணீர்போல ஆகியிருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றின பெரிய காந்தத்தைப் பீப்பாயின் பக்கவாட்டில் வைத்துக் கட்டினால், உள்ளே இருக்கிற மணியெல்லாம் மந்தைபோல அந்தப் பக்கம் ஓடி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் வடிப்போம். மணியைக் கழுவி, அது பிடித்த சாயத்தைக் கக்கவைத்து, மறுபடி போடுவோம். முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான், "கோவிந்தா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்து, "அவரு வரலக்கா, நாம கிண்டினதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் போகும்போது அவரே வந்து, "கோச்சிக்காதக்கா. உனக்குச் சாமி தெரிஞ்ச எடத்துல எனக்கு வேல தெரியுது. ரெண்டும் ஒரே பீப்பாலதான கீது" என்றார்.

பட்டறைத் தண்ணீர் மட்டுமா? தோல் தொழிற்சாலைக் கழிவில் இருக்கும் கெட்ட உலோகத்தைப் பிடிக்கவும், தண்ணீரில் மிதக்கிற எண்ணெயை எடுக்கவும், இயந்திரங்களுக்குள் காந்தம் காட்டினால் மூடித் திறக்கிற சின்ன அடைப்பானாகவும் இந்த மாதிரிக் கூழை உலகத்தில் பல பேர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வார். மருத்துவத்தில் இன்னும் அதிகம். ஆறாத புண்ணின் மேல் கூழ்த்தகடாக வைத்துக் கட்டலாம். புண் காய்ந்து வெடிக்காமல் ஈரமாய் இருக்கும். உள்ளே வைத்த மருந்து, வெளியே காந்தக் கருவியைக் காட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அந்தச் சோதனையைத்தான் பக்கத்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் டாக்டர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலிருந்தும் சர்க்கரைப் புண்காரர்கள் சிலர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கும் மேலே ஒன்று சொன்னார். புற்றுக்கட்டி இருக்கும் இடத்துக்கே இந்தக் கூழில் மருந்தை அனுப்பி, வெளியிலிருந்து காந்த அலையால் அதைச் சூடாக்கிக் கட்டியை வாட்டலாமா என்று பார்க்கிறார்களாம்.

அவருக்கே வயிற்றில் புற்று என்று தெரிந்த பிறகு நான் கேட்டேன். "ஏஞ்சலு, உன் கூழு உனக்கு உதவாதா?"

"அது இன்னும் எலியத் தாண்டலக்கா," என்றார். "எலிங்களுக்குக் குடுத்துவெச்சிக்கீது. எனக்கு இல்ல."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் அவர் அறியாத ஒன்று என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

என்ன அது? பொறுமையாய்க் கேளுங்கள்.

ஆடி மாதம். நோய் என்னவென்று அவருக்கே இன்னும் தெரியாத சமயம். கொட்டகையில் மதியம் சோறு பிரித்தோம். டாக்டர் ஒரு வாய் வைத்துவிட்டு மூடினார். "இன்னாடி, சாப்புடல?" என்றேன். "வயிறு காந்துதுக்கா. ஒரு மாசமா இப்டித்தான், பேஜாரா கீது" என்றார். நான் மோர் கரைத்துக் கொடுத்தேன். அடுத்த இரண்டு நாள் அவர் வரவில்லை.

அந்த வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். பாமாயில் வருமா வராதா என்று ஒரே கூச்சல். எனக்கு முன்னால் கோவிந்தம்மா நின்றாள். "இன்னாக்கா, டாக்டரம்மா ஆளக் காணம்?" என்று கேட்டாள். நான் பையைப் பிரித்துக்கொண்டே, "அதுக்கு வயிறு காந்துதாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வயிறு காந்துகிறது. எரிகிறது. நம் வீட்டில் தினமும் சொல்கிற வார்த்தை.

கூச்சலில் அது கோவிந்தம்மா காதில் எப்படி விழுந்தது? வயிற்றில் காந்தமாம்!

கோவிந்தம்மா எழுந்திருக்கிறாள். சொல்லம்மா, நீ சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடு. "நானா கட்டி வுட்டேன்? நீ சொன்னதத்தான நான் சொன்னேன்!" என்கிறாள். எல்லோருக்கும் கேட்டதல்லவா? அவள் சொல்வது சரி. உட்கார் கோவிந்தம்மா. உன்மேல் எள்ளளவும் குற்றம் இல்லை. காதில் விழுந்ததை நீ சொன்னாய். வாயிலிருந்து விட்டவள் நான். உன் காதில் தெளிவாக விழுந்ததா என்று பார்க்காதவளும் நான்.

பிறகு அது எங்கெல்லாம் போயிற்று! குழாயடிக்குப் போகும்போது, "வயித்துல காந்தம் கட்டிக்கிச்சாம்" என்று ஆயிற்று. டீக்கடைக்குப் போகும்போது, "அந்தக் கருகமணிய முழுங்கிட்டாங்களாம்" என்று ஆயிற்று. பஸ் ஸ்டாப்பில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "ஆஸ்பத்திரில ஸ்கேன் மிஷினு அவங்கள லபக்குனு உள்ள இஸ்துக்கிச்சாம், ரெண்டு பேரு கால்ல புடிச்சி இஸ்தாங்களாம்!" தம்பி, நீ பார்த்தாயா என்றேன். "நான் பாக்கல, பாத்தவரு சொன்னாரு" என்றார். சோறு போடும்போது என் வீட்டுக்காரர் வேதாசலம் தட்டைத் தள்ளிவிட்டு, "நாளைலேர்ந்து நீ அங்க போவாத. அந்தப் பொடி ஒடம்புல ஏறுதாம்" என்றார். நான் விட்ட வார்த்தை ஊரைச் சுற்றிக்கொண்டு என் வீட்டு அடுப்படிக்கே வந்து நின்றது!

டாக்டர் எங்களிடம் முன்பே ஒன்று சொல்லியிருந்தார். காய்ந்த கறுப்புத்தூளைக் கொட்டும்போது மட்டும் மூக்கைக் கட்டிக்கொள்ளவேண்டும், கூழில் கலந்த பிறகு பயமில்லை என்று. எந்தத் தூளாக இருந்தாலும் மூச்சில் போகக்கூடாது, சிமெண்டுத் தூளானாலும் அப்படித்தான் என்று. அவருடைய அந்த ஜாக்கிரதையையே ஊர் சாட்சியாக்கிவிட்டது. "பாத்தியா, ஆபத்து இல்லன்னா எதுக்கு மூக்கக் கட்டச் சொல்றாங்க?" என்றார்கள். ஒரு பெண் வேலைக்கு வராமல் நின்றாள். மறுநாள் இன்னொரு பெண் நின்றாள். ஆவணி பிறக்கும்போது கொட்டகையில் டாக்டரும் நானும் மட்டும். அதற்கும் பிறகு டாக்டர் மட்டும்.

ஆம், நானும் நின்றுவிட்டேன்.

அது ஊர்ப் பெண்களோடு நின்றிருந்தால் கொட்டகை மட்டும்தான் போயிருக்கும். எல்லப்பன் அண்ணன் அதோ ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். ஏர் ஓட்டி, மருந்தடித்து, அறுப்பு அறுத்து நம் எல்லோர் நிலத்திலும் உழைத்த கால்கள் அவருடையவை. மருத்துவமனையில் அவர் பாதத்தில் கூழ்த்தகடு வைத்துக் கட்டியிருந்தார்கள். புண் ஓரத்தில் புதுத்தோல் வந்துகொண்டிருந்தது. இந்தப் பேச்சு அவர் காதுக்குப் போனது. வீட்டிலேயே கட்டைப் பிய்த்துப் போட்டார். திரும்பப் போகவும் இல்லை. புண் சீழ் பிடித்து, பெருவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "அது ஒட்டிக்கினு கீதேம்மா, உள்ள பூந்துட்டா இன்னா பண்றதுன்னு பயந்துட்டேன். நீங்களே அங்க போறத நிறுத்திட்டீங்கன்னாங்க. படிச்ச பொம்பள, கணக்கு எய்தறவங்க, அவங்களே நிறுத்திட்டாங்கன்னா இன்னாமோ கீதுன்னு நெனச்சேன்" என்றார்.

எல்லப்பன் அண்ணே! பயந்தது நீங்கள். பயப்பட வைத்தது நான்.

கேட்கலாம் நீங்கள்: "ஏம்மா, வார்த்தை உன்னுடையது என்று தெரிந்த அன்றே சொல்லியிருக்கலாமே?" நானும் என்னைக் கேட்காத நாள் இல்லை. குழுவின் வரவு செலவில் சின்னப் பிசகு இருந்தாலும் அதைத் திருத்தாமல் தூங்கமாட்டேன் என்று என்னைப் பற்றி நீங்களே பெருமையாகப் பேசுவீர்கள். அந்தப் பெருமையை எடுத்துக் குப்பையில் போடுங்கள். ஒரு வார்த்தையைத் திருத்த எனக்கு இரண்டு மாதம் ஆகியும் வாய் வரவில்லை!

முதலில் வெட்கம். பிறகு, தானாக அடங்கிவிடும் என்ற நினைப்பு. மூன்றாவது ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் இந்தப் பேச்சு முழுசாகும். எனக்கும் சர்க்கரை. என் இடது குதிகாலில் கார்த்திகை விளக்கு அளவுக்கு ஒரு புண், போன வருஷத்திலிருந்து ஆறாமல் இருக்கிறது. டாக்டர் என் பெயரையும் மருத்துவமனையில் சொல்லிவைத்திருந்தார். போகவேண்டிய நாள் வந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பி வாசல்வரை வந்தேன். வாசலில் நின்று நினைத்தேன்: ஒருவேளை உண்மையாக இருந்தால்? ஒருவேளை அந்த இரும்பு உள்ளே போய்விட்டால்?

இதைவிடக் கேவலம் உண்டா, சொல்லுங்கள்! அந்த மணியை என் கையால் தட்டியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வதந்தி எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். என் வாயில் பிறந்த பொய்யை ஊர் எனக்கே திருப்பிச் சொன்னபோது நான் நம்பிவிட்டேன்! செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். நான் போகாததை ஊர் பார்த்தது. எல்லப்பன் அண்ணன் கேள்விப்பட்டார்.

டாக்டருக்குச் செய்தி தெரியாமல் இருக்குமா? ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தவரைப் பார்க்கப்போன அன்று அவரே ஆரம்பித்தார். "அக்கா, எங்கப்பா சொன்னாரு. எவ்வயித்துல காந்தமாமே! கொண்டூசி காணாப்போனா என்னக் கூப்புடுங்க" என்று சொல்லிச் சிரித்து, சிரித்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "யாருக்கா மொதல்ல சொன்னது?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? "ஊர்ல ஆயிரம் பேரு, ஆயிரம் பேசுவாங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். தெரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்துப் பழகினவர், எதிரில் இருக்கிற முகத்தையா பார்க்கமாட்டார்? "யாரா இருந்தா இன்னாக்கா. போன வழியே திரும்பிப் போயி சொல்லிட்டு வரணும், அவ்ளோதான். எனக்கோசரம் இல்ல. எல்லப்பன் மாமா மாதிரி இன்னொருத்தர் கட்டப் பிச்சிடக் கூடாது" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை என் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைப்பேன், தெருவே வரும், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். "சரிக்கா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மாவிளக்கு ஏற்றினேன். கோவிந்த நாமம் சொன்னோம். கூடம் நிறைய நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கோவிந்தம்மா, நீயும் இருந்தாய். சுண்டல் கொடுத்தேன், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன், வெற்றிலை பாக்கு கொடுத்து ஒவ்வொருவரையாக வாசல்வரை கொண்டுவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நல்ல நாளில், விளக்கு எரிகிற இடத்தில், நோய் நொடியைப் பற்றிப் பேசக்கூடாது என்று எனக்கு நானே சாஸ்திரம் சொல்லிக்கொண்டேன். பெருமாளைக் கொண்டுபோய் என் கோழைத்தனத்துக்குத் திரையாகக் கட்டினேன்! உண்மை பேசுவதற்கு ஆகாத நாள் என்று ஒரு நாளை எந்தத் தெய்வம் ஒதுக்கிவைத்திருக்கிறது?

அடுத்த வாரம் டாக்டர் போய்விட்டார். நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனாரா? சொல்லவில்லை என்று தெரிந்து போனாரா? அது எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

ஆகவே, காலம் கடந்து, கேட்கவேண்டியவர் கேட்க முடியாத இடத்தில் இருக்கும்போது, மைக்கில் சொல்கிறேன். முனைவர் ஏஞ்சல் இறந்தது இரைப்பையில் வந்த புற்றுநோயால். அவருடைய தாயாரும் அதே நோயில்தான் போனார். அவர் வயிற்றில் காந்தம் இல்லை, இரும்பு இல்லை, மணி இல்லை. அவர் எதையும் விழுங்கவில்லை. எந்த இயந்திரமும் அவரை இழுக்கவில்லை. மருத்துவர்கள் பெஞ்சமின் ஐயாவிடம் சொன்னதை இதே மேடையில் தமிழ்வாணன் தம்பி சற்றுமுன் விளக்கினார். டாக்டர் ஏஞ்சல் சொன்ன சொல் "காந்துது." நான் சொன்ன சொல் "காந்துது." எரிகிறது என்று அதற்கு அர்த்தம். ஒரு பெண்ணுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் நமக்கு என்ன ஆகுமோ என்றுதான் பயந்தோம். நான் உள்பட.

இந்தக் கூழ் சகல ரோக நிவாரணி என்று நான் சொல்லவரவில்லை. டாக்டர் இருந்தால் என் வாயை அடைப்பார். "தெரிஞ்சத மட்டும் சொல்லுக்கா, மேல ஒண்ணு போடாத" என்பார். அது சோதனையில் இருக்கிற பொருள். புண் சிலருக்கு ஆறலாம், சிலருக்கு ஆறாமல் போகலாம். பீப்பாய்த் தண்ணீர் வெளிறுகிறது, ஆனால் குடிக்கிற தண்ணீர் ஆகிவிடவில்லை. இதெல்லாம் அவரே எங்களிடம் சொன்னவை. சரியா தப்பா என்று பார்த்துமுடிக்கத்தான் அவர் நம்மைக் கேட்டார். பார்த்துமுடிக்கும் முன்னால், கேள்விப்பட்டதை வைத்து நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

பெரியவர்களே! இந்த மாதிரிக் கூட்டங்களில் கடைசியில், "அவர் விட்ட பணியைத் தொடர்வோம்" என்று சொல்லிக் கை உயர்த்தச் சொல்வார்கள். நான் யாரையும் கை உயர்த்தச் சொல்லப்போவதில்லை. அப்படிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

நாளைக் காலை வண்டி வருவதற்கு முன்னால் கொட்டகையில் இருப்பேன். பழைய கரைசலைக் கொட்டி, பீப்பாயைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் பிடிப்பேன். என் வீட்டுக்காரரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "சரி, குடத்த நான் தூக்கறேன்" என்றார். ஒரு பீப்பாயில் வேலை நடந்தாலும் அந்த ஒன்றை விட்டுவிட்டுப் போவதாகத் தமிழ்வாணன் தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்றுக்கு நான் பொறுப்பு. மற்றவற்றுக்கு நீங்கள் உங்கள் மனசைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அது முடிந்ததும் பத்து மணி பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போகிறேன். என் குதிகாலை அந்த டாக்டர்களிடம் காட்டுவேன். சேர்த்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பரிசோதித்துச் சொல்லட்டும். சேர்த்துக்கொண்டால் அந்தத் தகட்டை என் காலில் கட்டிக்கொண்டு, அதே பஸ்ஸில், எல்லோரும் பார்க்க நம் ஊர் ஸ்டாப்பில் இறங்குவேன். எல்லப்பன் அண்ணே, நீங்களும் வரவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். பெருவிரலை இழந்தவரிடம் அதைக் கேட்க எனக்கு நாக்கு எழாது.

அப்புறம், டாக்டர் சொன்ன மாதிரி, வார்த்தை போன வழியே திரும்பிப் போவேன். முதலில் கோவிந்தம்மா வீடு. பிறகு குழாயடி. பிறகு டீக்கடை. இந்தக் கூட்டத்துக்கு வராத வீடுகள் இருக்கின்றன. அந்த வாசல்களில் நின்று, "நான் சொன்னதுதான் திரிந்தது, நான்தான் திருத்தாமல் இருந்தேன்" என்று சொல்வேன். உட்காரச் சொன்னாலும் சரி, நிற்கவைத்தே அனுப்பினாலும் சரி.

பெஞ்சமின் ஐயா! உங்கள் வீட்டுக்கும் வரவேண்டும். உங்கள் மகள் என் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். நீங்கள் என் கொல்லைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் தெருவுக்குள் நான் இதுவரை கால் வைத்ததில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட முனையிலேயே நின்றுவிட்டேன். வெறுங்கையோடு, மன்னிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு வர எனக்கு முகம் இல்லை. முதல் பீப்பாய்த் தண்ணீர் வெளிறட்டும். அதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, உங்கள் வாசல் தேடி, உள்ளே வருகிறேன். அதுவரை எனக்காகக் கதவைத் திறந்து வைக்கவேண்டாம் ஐயா. நானே வந்து தட்டுகிறேன்.